முளையத்தைச் சோதித்துப் பார்க்கலாமா? – தலசீமியாவும் நாமும்

மூன்று வருடங்களுக்கு முன் நோன்புப் பெருநாள் விடுமுறையில் என் மூத்த ராத்தா கற்பிட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பகல் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடிய பிறகு, கைத்தொலைபேசியில் சேமித்து வைத்திருந்த ஒரு செய்தியை என்னிடம் காட்டினார். குஜராத் மாநிலத்தின் அகமதாபாத் நகரில் தலசீமியா நோயுள்ள ஒரு சிறுவனுக்காக, அவனது பெற்றோர் ஆய்வுகூடத்தில் முளையங்களைச் சோதித்து, பொருத்தமான ஒன்றைத் தெரிந்தெடுத்து, அவனுக்கு ஒரு தங்கையைப் பெற்றிருந்தார்கள். அக்குழந்தை 2018இல் பிறந்தது. அவளது என்பு மச்சை 2020 மார்ச்சில் அண்ணனுக்கு மாற்றப்பட்டது. அதன் பின் அவனுக்கு இரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை என்றது செய்தி.

"தங்கச்சி, நீங்க உயிரியல் படிச்சுக் குடுக்கிற ஆள். இது உண்மையா? எங்களுக்கும் செய்யலாமா? செஞ்சா பாவமா?" என்று கேட்டார் ராத்தா.

அவருடைய மகனுக்கு அப்போது 9 வயது. ஒரு வயதிலேயே அவனுக்குத் தலசீமியா என்று கண்டுபிடித்திருந்தார்கள். நான்கு வாரங்களுக்கு ஒரு தடவை விடியற்காலையில் தாயும் மகனும் பஸ் ஏறுவார்கள். பாலாவிச் சந்தியில் இறங்கி, புத்தளம் போய், அங்கிருந்து குருநாகல் தலசீமியா நிலையத்துக்கு மற்றொரு பஸ். இரத்தம் ஏற்றி முடிந்து வீடு திரும்பும்போது இஷாவும் தாண்டிவிடும்.

ராத்தா கேட்ட மூன்று கேள்விகளுக்கும் அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. தேடிப் படித்து, வைத்தியர்களிடமும் ஆலிம்களிடமும் கேட்டு, பின்னர் அவருக்குச் சொன்னவற்றையே இங்கு எழுதுகிறேன். ராத்தாவின் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். "நாலு புள்ளைகள் படிச்சா நல்லதுதானே" என்றார் அவர்.

நோய் எவ்வாறு வருகிறது?

எமது செங்குழியங்களுக்குள் ஈமோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. நாம் சுவாசிக்கும் ஒட்சிசனை உடலெங்கும் கொண்டு செல்வது இதுதான். வளர்ந்தவர்களின் ஈமோகுளோபின் மூலக்கூறு ஒன்றில் இரண்டு அல்பாச் சங்கிலிகளும் இரண்டு பீற்றாச் சங்கிலிகளும் உள்ளன. பீற்றாச் சங்கிலியை ஆக்கும் பரம்பரையலகு 11ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அது எம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக உண்டு: ஒன்று வாப்பாவிடமிருந்து வந்தது, மற்றது உம்மாவிடமிருந்து வந்தது.

இரண்டில் ஒன்று மட்டும் பழுதாக இருந்தால் மற்றையது வேலையைச் சமாளித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவரைக் காவி என்கிறோம். காவி ஒரு நோயாளி அல்லர். ஓடலாம், படிக்கலாம், நோன்பு பிடிக்கலாம், பிள்ளை பெறலாம். தான் ஒரு காவி என்பதே தெரியாமல் எண்பது வயது வரை வாழ்ந்து முடித்தவர்கள் எத்தனையோ பேர்.

இரண்டு காவிகள் திருமணம் செய்யும்போதுதான் பிரச்சினை எழுகிறது. மெண்டலின் பட்டாணிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். அவர்களது ஒவ்வொரு கருவிலும் நோயுள்ள பிள்ளை உருவாகும் வாய்ப்பு 4இல் 1, பிள்ளை காவியாகும் வாய்ப்பு 4இல் 2, பழுது எதுவும் கடத்தப்படாத வாய்ப்பு 4இல் 1. இதை "முதற் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது" என்று விளங்கிக்கொள்பவர்கள் எம் ஊரில் அதிகம். ராத்தாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். அது பிழை. ஒவ்வொரு கருவிலும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது.

நோயுடன் பிறக்கும் குழந்தை முதல் சில மாதங்கள் நன்றாகவே இருக்கும். வயிற்றிலிருந்தபோது உருவான முதிர்மூல ஈமோகுளோபின் அதுவரை அதைக் காப்பாற்றும். அது குறைந்து வரும்போது பிள்ளை வெளிறிப் போகும், பால் குடிக்கக் களைக்கும், மண்ணீரல் வீங்கும். அதன் பின் வாழ்நாள் முழுவதும் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்ற வேண்டும்.

இரத்தம் ஏற்றுவதால் இன்னொரு சிக்கல் வருகிறது. ஏற்றும் ஒரு பை இரத்தத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மனித உடலால் ஒரு நாளில் வெளியேற்ற முடிவதோ ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான். மிஞ்சும் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் படிகிறது. அதை வெளியேற்றும் மருந்தை வயிற்றுத் தோலின் கீழே ஊசி குத்தி, சிறிய பம்பி ஒன்றின் மூலம் இரவில் 8 முதல் 12 மணித்தியாலம் வரை செலுத்துவார்கள். வாரத்தில் ஐந்து இரவுகளுக்குக் குறையாது. இப்போது வாயால் எடுக்கும் மருந்தும் உண்டு. ஒழுங்காகச் சிகிச்சை பெறுபவர்கள் இன்று வளர்ந்து, படித்து, தொழில் செய்து, குடும்பமாக வாழ்கிறார்கள். ஒழுங்கு தவறினால் இதயம் பழுதாகிறது.

எமது மண்ணில் ஏன்?

"எங்கட பரம்பரையில ஏன் இந்தச் சோதனை?" என்று மாமி அழுததை நான் கேட்டிருக்கிறேன். விஞ்ஞானம் இதற்குச் சொல்லும் விடை மலேரியாவில் இருக்கிறது.

தலசீமியா காவிகளின் செங்குழியங்கள் சிறியவை. அவர்களைக் கடும் மலேரியா எளிதில் கொல்வதில்லை. இக்கருத்தை முதலில் முன்வைத்தவர் ஹோல்டேன் என்ற விஞ்ஞானி, 1949இல். மலேரியா ஆட்சி செய்த நிலங்களில் காவிகள் பிழைத்துப் பிள்ளை பெற்றார்கள். அந்தப் பரம்பரையலகும் அவர்களுடன் பெருகியது. மத்திய தரைக்கடலிலிருந்து தென்கிழக்காசியா வரை தலசீமியா பரவியிருக்கும் பட்டியையும் பழைய மலேரியாப் பட்டியையும் வரைபடத்தில் ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் பெரும்பாலும் ஒத்துப்போகும். எமது நாட்டில் 1934–35இல் வந்த மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டு போனது. குருநாகல் பகுதி மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நுளம்பு கொண்டு வந்த நோய் போய்விட்டது. அதை எதிர்த்து நின்ற பரம்பரையலகு மட்டும் எம் இரத்தத்தில் எஞ்சியிருக்கிறது.

ஆகவே இது எவருடைய சாபமும் அல்ல, குடும்பக் குறையும் அல்ல. ஒரு காலத்தில் எம் மூத்தம்மாமாரைக் காப்பாற்றிய ஒன்றின் மறுபக்கம்.

இலங்கைத் தலசீமியா பற்றிய விரிவான ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளிவந்தது. இலங்கை வைத்தியர்களுடன் ஒக்ஸ்ஃபோர்ட் பேராசிரியர் டேவிட் வெதரோல் சேர்ந்து செய்த ஆய்வு அது. நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேர் பீற்றா தலசீமியாக் காவிகள் என்றும், எந்த நேரத்திலும் 2,000க்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சை தேவைப்படும் என்றும் அது கணித்தது. ஈமோகுளோபின் ஈ என்ற இன்னொரு மாற்றமும் இங்குண்டு. ஒருவர் பீற்றாக் காவியாகவும் மற்றவர் ஈமோகுளோபின் ஈ காவியாகவும் இருந்தாலும் பிள்ளைக்கு நோய் வரலாம்.

சொந்தத்துக்குள் திருமணம் செய்வது இவ்வாய்ப்பைக் கூட்டுகிறது. ஒரே மூத்தாப்பாவின் பரம்பரையலகு மாமி மகனிடமும் மாமா மகளிடமும் வந்து சேர்ந்திருக்கக் கூடும். ராத்தாவும் மச்சானும் அப்படித்தான். ஆனால் சொந்தம் விட்டுக் கட்டினால் பயமில்லை என்று எண்ணவும் கூடாது. நூற்றுக்கு இரண்டு என்பது எல்லா ஊரிலும் எல்லா இனத்திலும் கலந்திருக்கிறது.

முளையச் சோதனை எப்படி நடக்கிறது?

இனி ராத்தாவின் முதற் கேள்விக்கு வருவோம். ஆம், அது உண்மைதான்.

1978இல் இங்கிலாந்தில் உலகின் முதலாவது சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதற்கு வழி செய்த றொபேட் எட்வேட்ஸ் 2010இல் நோபல் பரிசு பெற்றார். 1990இல் இலண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் அலன் ஹன்டிசைட் குழுவினர் அடுத்த படியை எடுத்தார்கள்: கருப்பைக்குள் வைப்பதற்கு முன்பே முளையத்திலிருந்து ஒரு கலத்தை எடுத்துப் பரம்பரை நோய்க்காகச் சோதித்தார்கள்.

இன்று நடப்பது இது. தாய்க்குப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஓமோன் ஊசி போட்டு, வழமையாக மாதம் ஒன்று முதிரும் சூல்களைப் பலவாக முதிரச் செய்வார்கள். அவற்றை ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஆய்வுகூடத்தில் கணவரின் விந்துடன் கருக்கட்டச் செய்வார்கள். ஐந்தாம் ஆறாம் நாளில் முளையம் நூறு கலங்களுக்கு மேற்பட்ட ஓர் உருண்டையாக இருக்கும். அதன் உள்ளே இருக்கும் கலத்திரள் பிள்ளையாகும், வெளிச்சுவர் சூல்வித்தகமாகும். வெளிச்சுவரிலிருந்து ஐந்து முதல் பத்து வரையான கலங்களை மட்டும் எடுப்பார்கள். முளையத்தை மறை 196 பாகை வெப்பநிலையில் திரவ நைதரசனில் உறைய வைத்துவிட்டு, எடுத்த கலங்களின் டீ.என்.ஏயைப் பல மடங்கு பெருக்கி, பெற்றோரிடம் உள்ள அதே விகாரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நோயற்ற முளையமொன்றைப் பின்னர் தாயின் கருப்பையில் வைப்பார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இதில் பரம்பரையலகு எதுவும் திருத்தப்படவில்லை. இருப்பவற்றுள் தெரிவு செய்வது மட்டுமே நடக்கிறது. 2018இல் சீனாவில் ஒரு விஞ்ஞானி முளையங்களின் பரம்பரையலகையே வெட்டித் திருத்தி இரட்டைக் குழந்தைகள் பிறக்கச் செய்தார். உலகமே கண்டித்தது, அவர் சிறைக்கும் போனார். அது வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பயப்படுபவர்கள் உண்டு.

எங்களுக்கும் செய்யலாமா?

ராத்தாவின் இரண்டாவது கேள்விக்கு ஒரு கணக்கைச் செய்து காட்டினேன். உயர்தர மாணவிகள் தாங்களும் செய்து பார்க்கலாம்.

நோயற்ற பிள்ளை மட்டும் போதுமென்றால் 4இல் 3 முளையங்கள் பொருந்தும். ஆனால் அகமதாபாத்துக் குடும்பத்தைப் போல, மூத்த பிள்ளைக்கு என்பு மச்சை கொடுக்கக்கூடிய பிள்ளையும் வேண்டுமென்றால் இழையப் பொருத்தமும் தேவை. இழையப் பொருத்தத்தைத் தீர்மானிக்கும் பரம்பரையலகுகள் 6ஆவது நிறமூர்த்தத்தில் உள்ளன. உடன்பிறந்தோர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு 4இல் 1. வெவ்வேறு நிறமூர்த்தங்கள் என்பதால் மெண்டலின் இரண்டாம் விதிப்படி இரண்டையும் பெருக்க வேண்டும்: ¾ × ¼ = 3/16. பதினாறு முளையங்களில் சராசரியாக மூன்றுதான் தேறும். பல தாய்மாருக்குப் பதினாறு முளையங்கள் கிடைப்பதே அரிது. தேறிய முளையம் கருப்பையில் தங்கும் என்பதற்கும் உறுதியில்லை. தாயின் வயது கூடக் கூட அந்த வாய்ப்பு குறைகிறது. சோதனை முடிவு பிழைக்கவும் சிறு இடம் உண்டு; அதனால்தான் கரு தங்கிய பிறகும் மறுபடி சோதிக்கச் சொல்கிறார்கள்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வாழ்ந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கதை இதற்குச் சாட்சி. அவர்களின் மகனுக்கும் பீற்றா தலசீமியா. பொருத்தமான பிள்ளையைத் தெரிந்து பெற 2001இல் அந்நாட்டு அதிகாரசபை அனுமதி அளித்தது. ஓர் அமைப்பு அதை எதிர்த்து வழக்குப் போட்டது. வழக்கு உயர் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம் என்று ஏறி, 2005இல் பிரபுக்கள் சபை வரை போனது. சட்டப்படி அனுமதி செல்லும் என்று இறுதியில் தீர்ப்பு வந்தது. ஆனால் பல தடவை முயன்றும் அந்தத் தாய்க்கு அப்படியொரு பிள்ளை கிடைக்கவில்லை. சட்டம் வென்று கொடுத்ததை உடம்பு கொடுக்கவில்லை.

ராத்தா கணக்கைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தார். மூத்த மகளின் இழையம் தம்பிக்குப் பொருந்தவில்லை என்பது அவருக்கு முன்பே தெரியும். அவருக்கு அப்போது 38 வயது. மச்சானின் வள்ளத்தையும் இஞ்சினையும் விற்றாலும் இந்தியா போய் ஒரு தடவை முயல்வதற்குத்தான் காணும்.

செய்வது சரியா?

மூன்றாவது கேள்விதான் கடினமானது. நான் ஆலிமா அல்ல. எனக்கு விளங்கியதை மட்டும் எழுதுகிறேன். முடிவெடுக்க வேண்டியவர்கள் தமது நம்பிக்கைக்குரிய ஆலிம்களிடம் கேட்க வேண்டும்.

கணவன் மனைவியின் சூலும் விந்தும் மட்டுமே சேர்வதாக இருந்தால் சோதனைக்குழாய் முறை கூடும் என்று அல்-அஸ்ஹர் 1980இலேயே தீர்ப்பளித்தது. மூன்றாம் நபரின் விந்தோ சூலோ கருப்பையோ அதில் நுழையக் கூடாது. 120 நாட்களில் ரூஹ் ஊதப்படுவது பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதனால் கருப்பைக்குள் இன்னும் வைக்கப்படாத ஐந்து நாள் முளையத்தை வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குச் சமமாக அறிஞர் பலர் கருதுவதில்லை. அதற்காக அதை விளையாட்டுப் பொருளாகவும் அவர்கள் கருதவில்லை. 1990இல் ஜித்தாவைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, தேவையான அளவு சூல்களையே கருக்கட்டச் செய்ய வேண்டும் என்றும், மிஞ்சினால் அவை மருத்துவ உதவியின்றித் தாமாக முடிய விடப்பட வேண்டும் என்றும், வேறொரு பெண்ணுக்குக் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னது.

ஆணா பெண்ணா என்று தெரிவு செய்வதற்கு இந்த முறையைப் பயன்படுத்தலாமா? 2007இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் சபை, ஒரு பாலாரை மட்டும் தாக்கும் பரம்பரை நோயைத் தவிர்ப்பதற்கன்றி வேறு காரணத்துக்காகக் கூடாது என்று முடிவு செய்தது. இந்தியாவில் 1994இல் வந்த சட்டமும் 2003இல் செய்யப்பட்ட திருத்தமும் இதையே குற்றமாக்குகின்றன. பெண் குழந்தை என்று அறிந்து முகம் கறுத்த ஜாஹிலிய்யா காலத்து வாப்பா வேறு கருவியோடு திரும்பி வரக் கூடாது அல்லவா? பெண்பிள்ளைகளுக்கான கல்லூரியின் சஞ்சிகையில் இதைச் சொல்லாமல் விட முடியாது.

கெட்டிக்காரப் பிள்ளை, உயரமான பிள்ளை, வெள்ளைப் பிள்ளை என்று முளையத்தைத் தெரியும் ஆசையும் உலகில் வந்துவிட்டது. அறிவு போன்ற இயல்புகளில் ஆயிரக்கணக்கான பரம்பரையலகுகளும் வளர்ப்பும் சூழலும் கலந்திருக்கின்றன. அவற்றை முளையத்தில் எண்ணிப் பார்த்து உறுதி சொல்வது விஞ்ஞானம் அல்ல, வியாபாரம். ஒரு பரம்பரையலகால் வரும் கடும் நோயைத் தவிர்ப்பதும், விருப்பமான பிள்ளையைக் கடையில் தெரிவது போலத் தெரிவதும் ஒன்றல்ல.

இவற்றையெல்லாம் ராத்தாவிடம் சொன்னேன். அவர் என்னிடம் திருப்பிக் கேட்டது எந்தப் புத்தகத்திலும் நான் தேடாத கேள்வி: "பொறக்கிற புள்ள பெருசானதும், நான் நானாவுக்கு மருந்தாகவா பொறந்தேன் எண்டு கேட்டா, நான் என்ன சொல்ற?"

அகமதாபாத்துத் தந்தை தன் சின்ன மகளை மற்றப் பிள்ளைகளை விடவும் கூடுதலாக நேசிப்பதாகச் சொல்லியிருந்ததை வாசித்திருக்கிறேன். அப்படி நேசிக்க முடியும் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் பேச முடியாத ஒரு குழந்தையின் உடம்பிலிருந்து சம்மதம் கேட்காமல் எடுக்கிறோம் என்பதை மறக்கவும் முடியாது. ராத்தாவும் மச்சானும் இஸ்திகாராத் தொழுதார்கள். போவதில்லை என்று முடிவு செய்தார்கள். அது அவர்களுடைய முடிவு. இன்னொரு குடும்பம் போவதாக முடிவு செய்தால், பாவம் செய்தார்கள் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். போன வருடம் எங்கள் ஊர்ப் பெண்களுக்கான கூட்டமொன்றுக்கு, 'தலசீமியா இல்லாத புத்தளம்' என்று பெரிய எழுத்தில் ஒரு பதாகை எழுதிக்கொண்டிருந்தேன். ராத்தாவின் மகன் பக்கத்தில் நின்று வாசித்தான்.

"சாச்சி, அப்ப நான் இல்லாத புத்தளமா?"

என் கையிலிருந்த தூரிகை நின்றுவிட்டது. அவன் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினான். "இல்ல மகன், நீங்க இல்லாத ஊர் எங்களுக்கு வேணாம். இந்த ஊசியும் இந்த பஸ் பயணமும் இன்னொரு புள்ளைக்கு வேணாம் எண்டுதான்" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்ப அதை எழுதுங்க" என்றான். பதாகையைக் கிழித்துவிட்டு, 'திருமணத்துக்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை' என்று எழுதினேன். நோயைத் தடுக்கப் பேசும்போது, அந்த நோயோடு வாழும் பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை அன்றுதான் படித்தேன்.

எமக்கு எட்டும் வழி

கரு உருவான பின் வயிற்றில் வைத்துச் சோதித்து அறியும் முறையும் உண்டு. ஆனால் எமது நாட்டில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்புச் செய்வது குற்றம். முளையச் சோதனையோ பெரும்பாலோரின் கைக்கு எட்டாது. 2023இல் பிரித்தானியாவில் அனுமதி பெற்ற பரம்பரையலகுச் சிகிச்சை ஒன்றுக்கு அமெரிக்காவில் குறித்த விலை இருபது இலட்சம் டொலருக்கும் அதிகம்.

ஆனால் ஒரு வழி எல்லோருக்கும் எட்டும். அது நிகாஹுக்கு முன் ஒரு துளி இரத்தம்.

முதலில் எஃப்.பீ.சீ என்று எல்லோரும் அறிந்த சாதாரண இரத்தப் பரிசோதனை போதும். அதில் செங்குழியத்தின் பருமனைக் குறிக்கும் எம்.சீ.வீ 80க்குக் குறைவாகவோ, எம்.சீ.எச் 27க்குக் குறைவாகவோ இருந்தால் மேலும் பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவாலும் இவை குறையலாம். ஆகவே உடனே பயந்துவிடக் கூடாது. எச்.பீ.எல்.சீ என்ற அடுத்த சோதனையில் ஈமோகுளோபின் ஏ2 3.5 வீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் அவர் பீற்றாக் காவி. ஈமோகுளோபின் ஈயும் அச்சோதனையிலேயே தெரியவரும். உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ அரசாங்க வைத்தியசாலையிலோ கேட்டால் வழி சொல்வார்கள்.

காவி திருமணம் செய்யக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. இருவரில் ஒருவர் காவி அல்லாதவராக இருந்தால் பிள்ளைக்கு அந்த நோய் வராது. அவ்வளவுதான் விதி.

இது மற்ற முஸ்லிம் நாடுகளுக்குப் புதிதல்ல. ஈரான் 1997 முதல் திருமணத்துக்கு முன் தலசீமியாச் சோதனையைக் கட்டாயமாக்கியது. சவூதி அரேபியாவில் 2004 முதல் கட்டாயம். எமக்குப் பக்கத்திலுள்ள மாலைதீவில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் காவி. அங்கும் சட்டம் இருக்கிறது. சைப்பிரஸில் கிறிஸ்தவ தேவாலயமே மணமக்களிடம் பரிசோதனைச் சான்று கேட்கிறது. அங்கு இப்போது தலசீமியாவுடன் பிள்ளை பிறப்பது மிக அரிது.

இங்கே என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ராத்தாவின் மகனுக்கு நோய் தெரிந்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் இரத்தம் கொடுத்துப் பார்த்தோம். நானும் ஒரு காவி. அப்போது எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். "இதை வெளியே சொல்லாதே" என்றார் உம்மா. வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "மறைச்சுக் கட்டிக் குடுத்து, நாளைக்கு ஒரு புள்ள ஊசியோட படுத்தா, அந்தப் பதில நான் அல்லாஹ்விடம் சொல்லோணும்" என்றார். சொன்னோம். வந்த சம்பந்தம் நின்று போனது. "புள்ளைக்கு இரத்தத்தில ஏதோ குறையாம்" என்று ஊரில் பேச்சு. மாப்பிள்ளைப் பக்கம் தங்கள் மகனின் இரத்தத்தைப் பார்த்தார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் வந்த சம்பந்தத்தில், நாங்கள் சொல்லி முடித்ததும் அந்த மனிதர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப நான் எங்க போய்ச் சோதிக்கணும்?" அவர் காவி அல்லர். இன்று எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பெண்ணின் இரத்தத்தை மட்டும் பார்ப்பது பரிசோதனை அல்ல, அவமானம். பரம்பரையலகு வாப்பாவிடமிருந்து பாதி, உம்மாவிடமிருந்து பாதி வருகிறது. இருவரையும் பாருங்கள். சம்பந்தம் பேசி, ஊருக்குச் சொல்லி, மண்டபம் எடுத்த பிறகு பார்த்தால் பயனில்லை. ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் பதினெட்டு, இருபது வயதிலேயே பார்த்து, முடிவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வரும் முடிவு உங்கள் வீட்டுக்கு உரியது, சந்திக்கு உரியது அல்ல.

மாணவிகளே, உங்களில் நூறு பேரில் இரண்டு பேர் காவிகளாக இருக்கலாம். அந்த இருவரில் ஒருத்தி நீங்களானால், தலை குனிய அதில் ஒன்றுமில்லை. பதினெட்டு வயது நிரம்பியதும் இரத்ததான முகாமுக்கும் போங்கள். மாதம் ஒரு தடவை குருநாகலில் ஒரு பிள்ளை காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போங்கள்.

ராத்தாவின் மகனுக்கு இப்போது 12 வயது. பம்பி போய் மாத்திரை வந்திருக்கிறது. கடந்த தவணையில் கணிதத்தில் 86 புள்ளிகள். பஸ்ஸில் போகும்போதே வீட்டுவேலைகளைச் செய்து முடித்துவிடுவானாம். என் மகளுக்கு இன்னும் பள்ளி போகும் வயது வரவில்லை. அவள் காவியாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. உரிய வயது வந்ததும் அவளை நானே கூட்டிப் போவேன். முடிவு எதுவானாலும் அதை அவளிடமே முதலில் சொல்வேன்.